நாலு மணி சிக்னல்

நிலையம்,
பிப்ரவரி 3

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டிருக்கமாட்டாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இருபத்தொரு வருடமாக நீ எனக்கு ஒரு வரி எழுதவில்லை. நானும் எழுதவில்லை. உன் பக்கம் வந்தால் என்ன கிடைக்கும் என்று என் தாடைக்குத் தெரியும். குளிர் காலத்தில் இன்னும் இடது பக்கம் மெல்ல முடிவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த ரேடியோ நிலையத்தை மூடப்போகிறார்கள். கடலில் போகும் போர்க்கப்பல்களோடு பேச இந்த மூன்று இரும்புக் கோபுரங்களும் இனி வேண்டாமாம். எல்லாவற்றையும் செயற்கைக்கோள் பார்த்துக்கொள்ளுமாம். மே மாதம் கோபுரங்களை அறுத்துச் சாய்ப்பதற்கு முன்னால் ஒரு விழா. விழாவில் வெளியிட ஒரு சின்னப் புத்தகம், நிலையத்தின் வரலாறு. இங்கே பதினெட்டு வருடம் குப்பை கொட்டியவர்களில் பேனா பிடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பழைய அதிகாரி இருந்த அறையில் ஒரு மேஜையும், நாலு மரப்பெட்டி நிறையப் பதிவேடுகளும் கொடுத்து உட்காரவைத்துவிட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் கடல், சாத்தினால் கரையான் வாசம்.

வேலை சுகமாகத்தான் போகிறது. முதல் கோபுரம் நிறுத்தியபோது மேலிருந்து விழுந்து செத்த இரண்டு தொழிலாளிகள் வரை எழுதிவிட்டேன். அடுத்தது போர் வருடம். அங்கேதான் பேனா நகரமாட்டேன் என்கிறது. மாப்பிள்ளையைப் பற்றி இரண்டு வரியாவது எழுத வேண்டும் அல்லவா? அவருடைய போட்டோ ஒன்று அனுப்பு. 'பணியின்போது கோபுரத்திலிருந்து தவறி விழுந்து இறந்தார்' என்று மரியாதையாகப் போட்டுவிடலாம். விழாவுக்கு உனக்கும் அழைப்பு வரும்படி செய்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 14

அண்ணனுக்கு,

'அன்புள்ள' என்று போட மனம் வரவில்லை. போடவில்லை.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மாவுக்கட்டு அறையில் என் மேஜைமேல் ஒன்பது நாள் கிடந்தது. அதன்மேல் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன்.

இருபத்தாறு வருடமாக இந்த அரசு ஆஸ்பத்திரியில் உடைந்த எலும்புக்குக் கட்டுப் போடுகிறேன். மாடியிலிருந்து விழுந்தவன், சாரத்திலிருந்து விழுந்தவன், புருஷன் தள்ளிவிட்டதை மறைத்து "வழுக்கி விழுந்துட்டேன் சிஸ்டர்" என்று சொல்கிறவள், எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. விழுகிறவன் கையை ஊன்றுவான். மணிக்கட்டு போகும், தோள்பட்டை போகும், குதிகால் நொறுங்கும். பத்து விரலும் தனித்தனியாக, ஒரே கணுவில், உடையாது.

நீ அவரைக் கொண்டுவந்த சவப்பெட்டியில் 'திறக்கக் கூடாது' என்று சிவப்பில் எழுதியிருந்தது. நீ கூடத்தில் நின்றுகொண்டு, "விழுந்துட்டாரும்மா, ஒரு நொடிதான், வலியே தெரிஞ்சிருக்காது" என்று எல்லாரிடமும் ஒப்பித்துக்கொண்டிருந்தாய். நான் போய் லாரி டயர் கழற்றும் கம்பியை எடுத்துவந்து ஆணிகளைப் பிடுங்கினேன். முகத்தைத் துணியால் சுற்றியிருந்தீர்கள். கைகளை மறைக்க மறந்துவிட்டீர்கள். அதே கம்பியால்தான் உன் தாடையில் போட்டேன். அதற்கு நான் வருத்தப்படவில்லை. இன்னும் இரண்டு போடுவதற்குள் நாலு பேர் பிடித்துக்கொண்டார்களே என்றுதான் வருத்தம்.

உங்கள் நிலைய வாசலில் போரில் செத்தவர்களுக்குக் கல் வைத்தீர்களே, அதில் ஐந்து பெயர். அவர் பெயர் இல்லை. ஏன் என்று கேட்டு மூன்று கடிதம் போட்டேன். மூன்றாவதற்குத்தான் பதில் வந்தது: 'மரணம் சந்தேகத்துக்குரிய சூழ்நிலையில் நிகழ்ந்ததால்.' அந்த வரி எப்படியோ தெருவுக்கு வந்து, பள்ளிக்கூடத்துக்குப் போய், 'காட்டிக் கொடுத்தவன் மகள்' ஆகிவிட்டது. என் மகள் அப்படிச் சொன்னவளின் முன்பல்லை உடைத்துவிட்டு வந்தாள். நான் அவளைத் திட்டவில்லை.

போட்டோ இருக்கிறது. தருகிறேன். முதலில் அந்தப் பத்து விரலையும் உடைத்தது யார் என்று எழுது. உன் வரலாறெல்லாம் அதற்கு அப்புறம்.

தங்கை


நிலையம்,
மார்ச் 1

அன்புள்ள தங்கைக்கு,

கேட்டுவிட்டாய், எழுதுகிறேன். மாப்பிள்ளையை இனி 'அவன்' என்றுதான் எழுதுவேன், கோபித்துக்கொள்ளாதே. பயிற்சிப் பள்ளியில் என்னிடம் படித்தவன். உனக்குக் கட்டிவைப்பதற்கு முன்பே எனக்கு அவன் அவன்தான்.

போர் தொடங்கிய முதல் மாதமே கடலிலிருந்து சுட்டார்கள். ஒரு குண்டு சாப்பாட்டுக் கூடத்தில் விழுந்து ஐந்து பேர் போனார்கள். கல்லில் இருப்பது அந்த ஐந்து பெயர்தான். சுவரிலிருந்து அவர்களைச் சுரண்டி எடுத்தோம், இதற்கு மேல் கேட்காதே. மிச்சம் பதினோரு பேர். ரேடியோவுக்கு என்னோடு சேர்த்து நாலு பேர், காவலுக்கு நாலு பேர், அதிகாரி, சமையல்காரர், அப்புறம் ஜெனரேட்டர் ஓட்டுகிற டீசல். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாசம் போகாததால் அவனுக்கு அந்தப் பெயர்.

மூன்றாவது மாதம் எங்களுக்குத் தண்ணீரும் எண்ணெயும் கொண்டுவந்த கப்பலை எங்கள் கண்ணெதிரே அடித்து மூழ்கடித்தார்கள். நாற்பத்திரண்டு பேர். மறுநாளிலிருந்து உடல்கள் ஒதுங்கத் தொடங்கின. எல்லாம் எண்ணெயில் குளித்தவை. பிடித்து இழுத்தால் தோல் கையோடு வந்தது. மூன்று நாள் நாங்களே இழுத்து, நாங்களே குழி தோண்டினோம். அந்தக் கப்பலில் டீசலின் தம்பி இருந்தான். தலையில்லாத ஒரு உடம்பின் இடுப்பு பெல்ட்டைப் பார்த்து, "இது எந்தம்பி" என்றான் டீசல். அதற்கு அப்புறம் அவன் சாப்பிடவும் இல்லை, பேசவும் இல்லை. கையில் ஒரு இரும்புக் குழாயை வைத்துக்கொண்டே திரிந்தான்.

அப்போதுதான் அந்த நாலு மணி சிக்னல் வந்தது. நாங்கள் பயன்படுத்தாத ஒரு அலைவரிசையில், தினமும் மாலை நாலு மணிக்கு, இரண்டே நிமிடம். முழுக்க எங்கள் சங்கேத எண்கள். எங்களில் ஒருவன் எதிரிக்குத் தட்டுகிறான் என்பதைத் தவிர வேறு அர்த்தம் யாருக்கும் தோன்றவில்லை. கப்பல் வரும் நேரம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதற்கும் பதில் கிடைத்துவிட்டது.

உனக்குத் தெரியாததல்ல, தந்திச் சாவியைத் தட்டுவதில் ஒவ்வொருவனுக்கும் ஒரு கைவாகு உண்டு. புள்ளியும் கோடும் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒருவன் அவசரப்படுவான், ஒருவன் இழுப்பான், ஒருவன் நடுவில் மூச்சு வாங்குவான். குரலைக் கேட்டு ஆளைச் சொல்வது போல நாங்கள் தட்டலைக் கேட்டு ஆளைச் சொல்லிவிடுவோம். மூன்றாம் நாள் அதை டேப்பில் பிடித்தார்கள். நான் காலை ஷிப்ட் முடித்து என் அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன், மூன்று நாளும் அப்படித்தான். எழுப்பிக் கூட்டிப்போனார்கள். "மத்த மூணு பேருக்கும் வாத்தியார் நீங்கதானே. யாருன்னு சொல்லுங்க" என்றார் அதிகாரி.

ஹெட்போனை மாட்டினேன். பத்து நொடிகூட ஆகவில்லை. "மாப்ள கை மாதிரி இருக்கு" என்றேன். 'மாதிரி' என்றுதான் சொன்னேன், தங்கச்சி. அதை யாரும் காதில் வாங்கவில்லை. அந்த வாரம் அவனுக்கு முனையில் இருக்கும் அவசர டிரான்ஸ்மிட்டர் கொட்டகையில் காவல். நாலு மணிக்கு அங்கே தனியாக இருந்தான். எல்லாம் பொருந்திவிட்டது.

பேட்டரி அறைக்கு இழுத்துவந்தார்கள். அதிகாரி அவன் காதில் ஹெட்போனை மாட்டி அதே டேப்பைப் போட்டார். கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்தது. ஒரு தரம் என்னைப் பார்த்தான்.

"என் கை இல்ல சார்."

"அப்ப யாரு கை?"

"தெரியல."

மிச்சம் மூன்று பேர்தான். மூன்று பேரின் கைவாகும் அவனுக்கு அத்துப்படி. அவன் தெரியல என்று சொன்னால் எவன் நம்புவான்? நானும் நம்பவில்லை. ஒரு மணி நேரம் அடித்தார்கள். விரலை உடைத்தது யார் என்று கேட்கிறாய். எல்லாரும்தான். யார் எதை அடித்தார்கள் என்று கணக்கு வைக்கிற நிலைமையில் அங்கே யாரும் இல்லை. மறுநாள் காலை கோபுரத்தடியில் கிடந்தான்.

அந்த டேப் இந்தப் பெட்டிகளில்தான் கிடந்தது. காசெட்டில் ஏற்றி இத்துடன் அனுப்புகிறேன். தந்தி மொழி நான் உனக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்ததுதான், மறந்திருக்காது. ஏழு வருடம் அவனோடு குடும்பம் நடத்தியவள் நீ. உன் காதே சொல்லட்டும். அதற்கு அப்புறம் என்னைத் திட்டு.

அண்ணன்


மார்ச் 22

அண்ணனுக்கு,

காசெட் வந்தது. எக்ஸ்ரே அறைக்காரரிடம் பிளேயர் இரவல் கேட்டேன். "என்ன சிஸ்டர், பாட்டா?" என்றார். ஆமாம் என்றேன். சாப்பாட்டு நேரத்தில் மாவுக்கட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று தரம் கேட்டேன். நாலாவது தரம் எண்களைத் தாளில் எழுதிக்கொண்டே கேட்டேன்.

அது அவர் இல்லை.

அவருக்கு எதையும் இழுக்கப் பிடிக்காது. தட்டு காய்வதற்குள் எழுந்துவிடுவார், நான் பேச்சை முடிப்பதற்குள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். தட்டுவதும் அப்படித்தான். மேஜையில், என் முதுகில், குழந்தையின் கட்டில் சட்டத்தில், எங்கே தட்டினாலும் கடைசிக் கோட்டைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த எழுத்துக்கு ஓடுவார். இந்தக் காசெட்டில் இருக்கிறவன் ஒவ்வொரு கடைசிக் கோட்டையும் இழுக்கிறான். இழுத்துவிட்டு, அடுத்ததற்குப் போக மனமில்லாமல் நிற்கிறான்.

அந்தக் கைவாகை எனக்கு ஒன்பது வயதிலிருந்து தெரியும். அப்பா என்னைப் பெல்ட்டால் விளாசிவிட்டுப் பின் அறையில் போட்டுப் பூட்டுவார். சுவருக்கு அந்தப்பக்கம் ஒருவன் கரண்டிக் காம்பால் தட்டுவான், கோட்டுக்குச் சுவரில் சுரண்டி இழுப்பான். 'பெல்ட் இன்னும் கையில் இருக்கிறது, சத்தம் போடாதே.' கொஞ்ச நேரம் கழித்து, 'போய்விட்டார், இப்போது அழு.' அந்தத் தட்டலுக்காகவே நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பேன். அதை நான் எங்கே கேட்டாலும் சொல்வேன்.

காசெட்டில் இருப்பது நீ.

நீ எதிரிக்குத் தட்டினாய் என்று நான் சொல்லவில்லை. அதற்கெல்லாம் ஒரு துணிச்சல் வேண்டும், அது உன்னிடம் கிடையாது. உன் தட்டல் எப்படி அங்கே போனது என்று எனக்குத் தெரியாது, அது உன் தொழில். காசெட்டில் வரும் எண்களை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நாலு பெட்டி பதிவேடு உன் காலடியில் இருக்கிறதே, நீ அனுப்பிய செய்திகளோடு ஒத்துப் பார்.

இன்னொன்று. 'எல்லாரும்தான் உடைத்தார்கள்' என்று எழுதியிருக்கிறாய். பச்சைப் பொய். வெறியில் அடிக்கிறவன் அடி ஒன்று கணுவில் விழும், ஒன்று நகத்தில் விழும், ஒன்று மேஜையில் விழும். இங்கே பத்து விரலிலும் ஒரே இடம், ஒரே அழுத்தம், தோல்கூடக் கிழியவில்லை. மேலே துணியைப் போட்டு, எண்ணி அடித்திருக்கிறான். அது கோபக்காரன் வேலை இல்லை. பயந்தவன் வேலை. யார் அது?

தங்கை


நிலையம்,
ஏப்ரல் 4

தங்கச்சி,

பார்த்தேன்.

நீ எழுதி அனுப்பிய எண்கள் முப்பத்தாறும் பதிவேட்டில் இருக்கின்றன, வரிசைகூட மாறாமல். டேப் பிடித்த நாளுக்கு எட்டு நாள் முன்னால், காலை ஷிப்டில், நான் தலைமையகத்துக்குத் தட்டிய செய்தி. எண்ணெய் எவ்வளவு மிச்சம், தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்ற சாதாரணச் செய்தி. கீழே என் கையெழுத்து. எதிரி அதைக் கடலில் இருந்து கேட்டுப் பதிவுசெய்து, வேறு அலைவரிசையில், தினமும் நாலு மணிக்குத் திரும்பப் போட்டிருக்கிறான். எங்களைக் குழப்பத்தான். அவன் ஆசைப்பட்டதைவிட நன்றாகவே நாங்கள் குழம்பினோம்.

ஒரு பயலும் பதிவேட்டைப் புரட்டவில்லை. நானும் புரட்டவில்லை. தட்டலைக் கேட்டு ஆளைப் பிடிப்பதில் எங்களுக்கு அவ்வளவு கர்வம். என்ன தட்டியிருக்கிறது என்று பார்க்காமல், யார் தட்டியது என்றே அலைந்தோம். முப்பது வருடம் தட்டியிருக்கிறேன், என் தட்டலை வெளியே இருந்து ஒரு நாளும் கேட்டதில்லை. தட்டுகிறவனுக்கு அடுத்த எழுத்தில்தான் கவனம். என்னிடம் படித்தவன் என்பதால் அவனிடம் என் சாயல் இருந்தது. என்னை எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவனைச் சொல்லிவிட்டேன்.

விரல்களை உடைத்தது நான்.

டீசல் குழாயை ஓங்கிவிட்டான். "மண்டையில போடறேன், எல்லாரும் தள்ளுங்க" என்றான். நான் குறுக்கே விழுந்தேன். "கொல்லாதடா. விசாரணைக்கு ஆள் உசுரோட வேணும். வெரல ஒடச்சிட்டா அப்புறம் எப்படித் தட்டுவான்?" என்றேன். அந்த யோசனை என்னுடையது. "அப்ப நீயே ஒட" என்றான். நான் செய்தால் பக்குவமாகச் செய்வேன் என்று நினைத்தேன். பேட்டரி துடைக்கிற துணியை அவன் கைமேல் போட்டு, பெரிய ஸ்பேனரால் அடித்தேன். நீ சொன்னது சரி, எண்ணித்தான் அடித்தேன். ஏழாவதில் அவன் மயங்கினான். நிறுத்தினால் டீசல் தொடங்கிவிடுவான் என்று பத்தையும் முடித்தேன்.

அறையைப் பூட்டி, சாவியை நானே வைத்துக்கொண்டேன். காலையில் டீசல் வந்தான். "தண்ணி குடுக்கணும், சாவியக் குடு" என்றான். அவன் கையில் தண்ணீர் இல்லை. குழாய் இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன். என்னையும் சேர்த்து அடித்துவிடுவானோ என்று பயம். முடித்துவிட்டுக் கோபுரத்தடியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். தவறி விழுந்தார் என்று அதிகாரி எழுதினார்.

இவ்வளவும் இருபத்தொரு வருடமாக எனக்குத் தெரிந்ததுதான். நேற்றுதான் ஒன்று உறைத்தது. ஹெட்போனில் கேட்டதும் அவன் முகம் வெளுத்தது என்று எழுதினேன் அல்லவா? அவன் காது என்னுடையதைவிடச் சுத்தம். என் கை என்று அவனுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. மூன்று நாளும் நாலு மணிக்கு நான் என் அறையில் இருந்ததற்குச் சாட்சி கிடையாது. பதிவுசெய்து திரும்பப் போடும் தந்திரம் அன்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றியிருக்காது. அவன் கண்ணுக்குத் துரோகி நான். "மச்சான் கை" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் டீசலின் குழாய் என் பக்கம் திரும்பியிருக்கும். சொல்லவில்லை. தெரியல என்றான்.

அதற்கு அப்புறம் அந்தத் துரோகியே ஸ்பேனரோடு வந்து உட்காருகிறான். தான் தப்பிப்பதற்காக என் விரலை உடைக்கிறான் என்றுதானே அவன் நினைத்திருப்பான்? ஒவ்வொரு அடிக்கும் என் முகத்தையே பார்த்தான். ஐந்தாவது விரலுக்கு அப்புறம் மெல்லச் சொன்னான்: "மச்சான், அவகிட்ட நான் விழுந்துட்டேன்னு சொல்லிடுங்க." அதைத்தான் உன் கூடத்தில் நின்று ஒப்பித்தேன்.

என்னைத் துரோகி என்று நினைத்துக்கொண்டே செத்தான். நினைத்தும் என்னைக் காப்பாற்றினான். எனக்கு இனி உயிரோடு இருக்க யோக்கியதை இல்லை. நீ என்ன சொல்கிறாயோ செய்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 11

அண்ணனுக்கு,

செத்துத் தொலைகிறேன் என்று எனக்கு எழுதாதே. அது உனக்குச் சௌகரியம், எனக்கு என்ன லாபம்?

உன் கடிதம் வந்த அன்று ஒரு கொத்தனாரின் மணிக்கட்டை இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தேன். பையிலிருந்த கடிதம் நினைவுக்கு வந்து என் பிடி தவறியது. அவர் போட்ட சத்தத்தில் டாக்டர் ஓடிவந்தார். இத்தனை வருடத்தில் என் கையால் ஒருவருக்கு வேண்டாத வலி வந்தது அன்றுதான். மிச்ச நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, கையில் கிடைத்த பாத்திரத்தையெல்லாம் சுவரில் அடித்தேன்.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எனக்கு எழுதியதை அப்படியே உன் புத்தகத்தில் எழுது. பதிவேட்டின் பக்க எண்ணைப் போடு, தேதியைப் போடு. ஸ்பேனரை விடாதே. சாவியை விடாதே. அந்தக் கல்லில் அவர் பெயர் ஆறாவதாக வர வேண்டும் என்று எழுது. அச்சடிக்கமாட்டார்கள், தெரியும். அப்படியானால் விழாவில் மைக் முன்னால் நின்று வாய்விட்டுப் படி. டீசல் வருவான் இல்லையா? அவன் காதில் விழும்படி படி.

போட்டோ இத்துடன் இருக்கிறது. மடிக்காதே.

தங்கை


நிலையம்,
மே 6

அன்புள்ள தங்கைக்கு,

புத்தகம் வந்துவிட்டது. வழவழ அட்டை. முதல் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நான். நீ சொன்னபடியே எழுதினேன், பதினாறு பக்கம் வந்தது. இப்போதுள்ள அதிகாரி படித்துவிட்டு, "ஐயா, இது வரலாறு இல்ல, வாக்குமூலம்" என்றார். "இந்த நிலையத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான் தம்பி" என்றேன். பதினாறையும் கத்தரித்துவிட்டார். போட்டோவையும்தான். போட்டோவைத் திரும்ப வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறேன், மடிக்கவில்லை.

நாளைக்குக் காலை பத்து மணிக்கு விழா. நன்றி சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பதினாறு பக்கத்துக்கு இருபத்திரண்டு நிமிடம் ஆகிறது. கண்ணாடி முன் நின்று படித்துப் பார்த்துவிட்டேன்.

பழைய ஆட்களில் இரண்டு பேர்தான் வந்திருக்கிறார்கள். ஒருவர் சமையல்காரர், கண் பாதி போய்விட்டது. இன்னொருவன் டீசல், விருந்தினர் அறையில் எனக்கு அடுத்த கட்டில். ஆள் இன்னும் கதவை அடைத்துக்கொண்டுதான் நிற்கிறான். தம்பியின் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டுகிறான். இன்று மத்தியானம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு நீ மட்டும் கண்டுபிடிக்கலேன்னா அந்தப் பாவி இன்னும் எத்தன கப்பலக் காவு வாங்கியிருப்பான்" என்று கண் கலங்கினான். எனக்கு நன்றி சொன்னான்.

எனக்குப் பயமாக இருக்கிறது, தங்கச்சி. அடிப்பான் என்பதற்காக இல்லை. தம்பிக்குப் பழி வாங்கிவிட்டோம் என்ற ஒன்றை வைத்துத்தான் அவன் இத்தனை வருடம் சாப்பிட்டிருக்கிறான், தூங்கியிருக்கிறான். நாளைக்கு அதை அவனிடமிருந்து பிடுங்கப்போகிறேன். ஆனாலும் படிப்பேன்.

அண்ணன்


மே 21

அண்ணனுக்கு,

நீ பேனா பிடிக்கிற நிலையில் இல்லை என்று கடற்படை ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியிருக்கிறார்கள். பதில் எழுத வேண்டாம். வார்டு சிஸ்டரை இதைப் படித்துக்காட்டச் சொல். படிக்கும்போது அந்தப் பெண் அழுதால் நீ அவளைப் பார்க்காதே, வேலை கெட்டுவிடும்.

நடந்ததைச் சமையல்காரர் ஆள் வைத்து எழுதி அனுப்பியிருந்தார். ஏழாவது பக்கத்தில் மைக்கை அணைத்தார்களாம், நீ கத்திப் படித்தாயாம். பதினோராவது பக்கத்தில், சாவி கொடுத்த இடத்தில், டீசல் மேடையேறி இரும்பு நாற்காலியால் உன்னை அடித்தானாம். நீ கையை உயர்த்தித் தடுக்கவில்லையாம். தோள் எலும்பும் விலாவில் நாலும் போன பிறகுதான் அவனை இழுக்க முடிந்ததாம். இழுத்ததும் அவன் அதே நாற்காலியில் உட்கார்ந்து, "மிச்சத்தையும் எவனாவது படிங்கடா" என்று அலறினானாம். மிச்ச ஐந்து பக்கத்தையும் சமையல்காரர் தாளைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார். அரை மணி நேரம் ஆனதாம். ஒருவரும் எழுந்து போகவில்லையாம்.

விலா எலும்புக்கு இங்கே யாரும் கட்டுப் போடுவதில்லை. இறுக்கிக் கட்டினால் நெஞ்சில் சளி கட்டும். மணிக்கு ஒரு தரம் நன்றாக மூச்சு இழுத்து விடு. வலிக்கும், விடு.

தலைமையகத்திலிருந்து நேற்று இரண்டு பேர் வந்தார்கள். விசாரணையைத் திறந்திருக்கிறார்களாம். அது முடியும்வரை கல்லைத் தொட முடியாதாம். நான் சரி என்று தலையாட்டினேன். என் மகள் ஆட்டவில்லை. இன்று காலை ஒரு கல்வெட்டுக்காரரைக் காரில் ஏற்றிக்கொண்டு நேரே உங்கள் நிலையத்துக்குப் போய், ஐந்துக்குக் கீழே ஆறாவதை வெட்டிவிட்டுப் போன் பண்ணினாள். காவலுக்கு நின்றவன் விழாவில் இருந்தவனாம். உளி சத்தம் கேட்கக் கேட்கக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றானாம்.

செவ்வாய்க்கிழமை காலை வண்டியில் வருகிறேன். முதலில் கல்லைப் பார்ப்பேன், அப்புறம்தான் உன்னை. அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உன் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சொல்ல வராது. எனக்காகத்தான் அவர் வாயைத் திறக்கவில்லை. என் அண்ணன் போய்விட்டால் நான் தாங்கமாட்டேன் என்று எனக்குப் பதிலாக அவரே முடிவு செய்துவிட்டார். என்னைக் கேட்டிருக்க வேண்டும். அன்று அந்த ஹெட்போன் என் காதில் இருந்திருந்தால் நான் உன்னைத்தான் கைகாட்டியிருப்பேன், அண்ணா. யோசித்துக்கூட இருக்கமாட்டேன். உன்னை அவர்கள் அடித்துக் கொன்றிருப்பார்கள், அவர் வீட்டுக்கு வந்திருப்பார். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

இதைத் தெரிந்துகொண்டு படுத்திரு. வருகிறேன்.

தங்கை